படிக்கட்டில் கட்டிய குடிலுக்கு உதவியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். தூத்துக்குடி முத்தம்மாள் காலனியிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் தெரிந்தவர்களுக்கு நேரில் நன்றி சொன்னோம். ஆனால் அந்த நேரத்துப் பதற்றத்தில் அதையும் முறையாகச் சொல்லவில்லை என்று அம்மா ஓராண்டாக வருந்திக்கொண்டிருக்கிறார். நாளை மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இப்போதும் மழை. ஒவ்வொரு இடிக்கும் அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

எங்கள் வீட்டில் குடில் கட்டுவது தாத்தா காலத்து வழக்கம். அவர் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய் வந்த நாட்களில், அங்கிருந்து ஒரு குடில் செட்டு வாங்கி வந்தார். மாதா, சூசையப்பர், மூன்று அரசர்கள், இடையர்கள், ஒரு வானதூதர், ஒரு கழுதை. எல்லாம் மாவுச் சிலைகள். மாடு மட்டும் பிறகு ஏதோ திருவிழாக் கடையில் வாங்கிய சுட்ட மண் பொம்மை. பழைய செய்தித்தாளில் சுற்றி, தேக்குப் பெட்டியில் அடுக்கி, பரணில் வைத்திருப்போம். குடிலுக்குப் புல் வேண்டும் என்பதற்காகப் பத்து நாட்களுக்கு முன்பே சிரட்டைகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பது அப்பாவின் வேலை. மூன்றாம் ஞாயிறன்று, கோயிலில் ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில், பூசை முடிந்து வந்ததும் பெட்டியைக் கீழே இறக்குவோம். குழந்தை இயேசு மட்டும் அந்தப் பெட்டியில் இருக்காது. அம்மாவின் பீரோவில், நகைப் பெட்டிக்குள், 24-ஆம் தேதி நள்ளிரவு வரை காத்திருக்கும்.

2023-இல் மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 17. மழைக்கிடையே கோயிலுக்குப் போய் வந்து, வழக்கப்படி பெட்டியை இறக்கிக் கூடத்தில் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். பரணிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதை அப்பா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். என் ஆறு வயது மகள் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஆட்டை மட்டும் எடுத்து விளையாடிவிட்டுத் தரையிலேயே போட்டிருந்தாள். மழை விட்டதும் குடில் கட்டலாம் என்று காத்திருந்தோம். மழை விடவில்லை. மறுநாள் காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்ததாகப் பிறகுதான் தெரிந்தது. இரவு இரண்டு மணிக்கு அப்பா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். முழங்கால் வரை தண்ணீர்.

மாடி வீட்டு ராத்தா (அக்கா), உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். நாங்கள் கதவைத் தட்டவில்லை. டார்ச் விளக்குடன் நீங்களே பாதிப் படி இறங்கி வந்து, "அம்மாவை முதலில் மேலே அனுப்புங்கள்" என்றீர்கள். விடிவதற்குள் உங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர், பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணாச்சி குடும்பத்தில் நான்கு பேர், அடுத்த தெரு ஆச்சி. உங்கள் குடும்பத்தையும் சேர்த்தால் 14 பேர். ஆச்சியுடன் வந்த ஆடும் அதன் இரண்டு குட்டிகளும் படிக்கட்டுத் திருப்பத்தில். இருந்த அரிசியையும் பாசிப்பயற்றையும் அளந்து அளந்து கஞ்சி காய்ச்சினீர்கள். உங்கள் தாயும் தந்தையும் காயல்பட்டினத்தில் இருந்தார்கள். அவர்களுடைய தொலைபேசி எடுக்கவில்லை. மூன்று நாட்கள் எடுக்கவில்லை. அந்த மூன்று நாட்களும் எங்கள் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டீர்கள். அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதீர்கள். அதுவரை உங்களுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவே இல்லை. அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

படகில் வந்த அண்ணன்மாரே, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. திரேஸ்புரத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை மாலை தெருவுக்குள் பைபர் படகைத் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்கியதால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இருவர் நடந்து வந்தீர்கள். பால் பாக்கெட்டும் ரொட்டியும் வாங்க என் மகன் கீழ்ப்படியில் நனைந்துகொண்டு நின்றான். உங்களில் மூத்தவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன் தலைக்கு மேல் மாட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிறகு வாங்கிக்கொள்கிறேன், தம்பி போட்டுக்கொள்ளட்டும்" என்றார்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஒரு வேளைக்குத்தான் இருந்தது. அதை உங்களிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊரே தண்ணீரில் கிடக்கும்போது எதைக் கேட்பது, எதை விடுவது? நீங்கள் மருந்துச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். மறுநாள் நண்பகலில் ஒரு பிளாஸ்க்குடன் வந்தீர்கள். மூடியைத் திறந்தால் மீன் வாடை. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துப் போட்டு, மருந்தில் ஐஸ் நேராகப் படக் கூடாது என்று துணியில் சுற்றி நடுவில் வைத்திருந்தீர்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்களோ! அம்மா இன்றும் ஊசி போட்டுக்கொள்ளும்போது சில நாட்களில் உங்களை நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார்.

தண்ணீர் வடிய ஐந்து நாட்கள் ஆயின. 23-ஆம் தேதிதான் கீழே இறங்கி வீட்டுக்குள் போனோம். சுவரில் மார்பளவுக்குப் பழுப்புக் கோடு. கட்டிலுக்குக் கீழேயிருந்த பெட்டியை அப்பாதான் திறந்தார். உள்ளே வெள்ளைக் கூழ். சூசையப்பரின் முகம் கரைந்து, உள்ளிருந்த கம்பி தெரிந்தது. மூன்று அரசர்களும் ஒருவரோடு ஒருவர் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தார்கள். வானதூதரின் ஒரு சிறகு மட்டும் அப்படியே இருந்தது. அதில் செய்தித்தாளின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் பதிந்திருந்தன. அப்பா அந்தச் சிறகைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசிக்க முயன்றார். அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. மண் மாட்டை மட்டும் எடுத்துத் துண்டால் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, "இந்த வருடம் குடில் வேண்டாம்" என்றார்.

அன்று மாலை நடந்ததை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பங்கெடுத்த பலருக்கு மற்றவர் என்ன செய்தார் என்பது தெரியாது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் எங்கள் தெருவில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் அக்கா சேற்றுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். குழாயடியில் கழுவினார். தன் சேலைத் தலைப்பால் துடைத்து எங்கள் சுற்றுச்சுவர் மேல் நிமிர்த்தி வைத்தார். "யார் வீட்டுப் பிள்ளை தேடுதோ" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மகளின் பிளாஸ்டிக் ஆடு. கதவிடுக்கு வழியாக மிதந்து போய் நான்கு வீடு தள்ளிக் கிடந்திருக்கிறது. அக்கா, நீங்கள் கையுறைகூடப் போடாமல் அந்தச் சேற்றில் நின்றீர்கள். உங்களுக்கு ஒரு வாய்த் தேநீர் கொடுக்கக்கூட எங்கள் வீட்டில் அன்று அடுப்பு இல்லை. எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் குடில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். கீழ்வீடு முழுக்க ஈரம். படிக்கட்டுத் திருப்பத்தில் கட்டலாம் என்றான் மகன். ஆசாரி அண்ணாச்சி, தண்ணீரில் ஊறி வளைந்துபோன எங்கள் பின்வாசல் கதவைப் பிரித்துப் பலகையாக்கினீர்கள். உங்கள் பட்டறையில் இழைப்புளியும் உளியும் துருவேறிக் கிடந்த நேரம் அது. முதலில் எங்களுக்காகத்தான் அந்த உளியைத் தீட்டினீர்கள். கொட்டகை முடிந்ததும் மிச்சக் கட்டையில் ஒரு சாண் உயரத்துக்குச் சூசையப்பரைச் செதுக்கித் தந்தீர்கள். அவரும் தச்சர் என்பதால் உங்களுக்கு எளிதாக வந்துவிட்டது என்றார் அம்மா. முகத்தில் கண், மூக்கு தெளிவாக இல்லை. ஆனால் தோளில் ஒரு மட்டக்கோல் இருந்தது, சரியான அளவில்.

மாதாவுக்கு ராத்தாவின் மகள் தன் பொம்மையைக் கொண்டுவந்தாள். ராத்தா நீலத் துப்பட்டாவில் ஒரு முழம் கிழித்து அதற்கு முக்காடு போட்டுவிட்டார். "மர்யம் அம்மையார் பெயரில் எங்கள் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 19-ஆவது" என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஊசி கோத்தார். புல்லுக்குக் கேழ்வரகு இருந்தது. வெள்ளத்தன்று இரவு என் மகள் நெஞ்சோடு அணைத்து மேலே கொண்டுபோன ஒரே பொருள் ஒரு சிரட்டைதான். ராத்தா வீட்டு ஜன்னலில் அது நான்கு விரல் உயரம் வளர்ந்திருந்தது. மண் மாடு, பிளாஸ்டிக் ஆடு, மரச் சூசையப்பர், துணி மாதா. பக்கத்தில் ஆச்சியின் ஆடும் குட்டிகளும், இரண்டு படி மேலே கட்டியபடி. குட்டிகளுக்குப் புல்லைத் தின்னக் கொடுக்காமல் காப்பாற்றியதுதான் பெரிய பாடு.

அப்போதுதான் அப்பா மேலே ஏறி வந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் முதன்முதலாக ஒரு குடில் அமைத்தார். அதில் சிலை கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். "சரியாக 800 வருடம் ஆகிறது" என்று சொல்லி, ஆச்சியின் ஆட்டைத் தடவிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

24-ஆம் தேதி மாலை ஏழு மணி வாக்கில் எங்கள் தெருவில் மின்சாரம் வந்தது. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, இரவு பகல் பாராமல் கம்பங்களில் ஏறிய மின் ஊழியர்களே, தெருவே கைதட்டியது உங்கள் காதில் விழுந்ததா? உங்கள் வீடுகளிலும் அன்று பண்டிகைக்குப் பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள்.

நாகர்கோவில் சித்தி, சாலை திறந்த மறுநாளே பஸ் மாறி மாறி, மடியில் இரண்டு தகர டின்களுடன் வந்து சேர்ந்தாய். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும். வழியில் பசிக்கிறது என்று அழுத ஒரு குழந்தைக்குப் பாதி டின்னைக் கொடுத்துவிட்டதாகக் குற்ற உணர்ச்சியுடன் சொன்னாய். நல்லதுதான் செய்தாய். தெருமுனை பேக்கரி அண்ணாச்சி, உங்கள் முந்திரி மூட்டைகள் எல்லாம் ஊறி வீணாகிவிட்டன. அந்த ஆண்டு மக்ரூன் போட முடியவில்லை என்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். ஆனால் விறகடுப்பை மூட்டி, தெருவில் எல்லோருக்கும் பன் போட்டுக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. நள்ளிரவில் குழந்தை இயேசுவைத் தீவனத் தொட்டியில் வைத்த பிறகு, எங்கள் 14 பேருக்கும் அதுதான் கேக். கப்பலில் இருந்த என் கணவர் தொலைபேசியில் குடிலைப் பார்த்துவிட்டு, நல்ல வேளை, புதிதாக எதுவும் வாங்கவில்லை என்றார்.

இந்த ஆண்டும் வாங்கவில்லை. கடையில் புது செட்டு பார்த்துவிட்டு வந்த அப்பா, மரச் சூசையப்பருக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரசர்கள் மூவர் மட்டும் குறைகிறார்கள். அவர்களைச் செதுக்க ஆசாரி அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார். திருப்பிப் பதிந்த எழுத்துகளுடன் அந்தச் சிறகு கொட்டகையின் உச்சியில் இருக்கும். பெட்டி இப்போது எங்கள் பரணில் இல்லை, ராத்தா வீட்டு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கக் குடும்பத்தோடு மாடி ஏறுவோம். குடிலைப் படிக்கட்டுத் திருப்பத்திலேயே கட்டுவோம். ஆச்சியின் குட்டிகள் வளர்ந்து பெரிதாகிவிட்டதால் அவற்றுக்கு அங்கே இடம் போதாது. அவை வாசலில் நிற்கும்.

ஜனவரியில் மூன்று அரசர்கள் திருநாள் வரை குடில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த நேரமும் வரலாம். திரேஸ்புரத்து அண்ணனே, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். என் மகன் ஓர் ஆண்டில் நன்றாக வளர்ந்துவிட்டான். உங்கள் மழைக்கோட்டு இன்னும் அவனுக்குத் தொளதொளப்பாகத்தான் இருக்கிறது. துவைத்து, மடித்து, கிழிந்திருந்த இடது பையைத் தைத்து, பிளாஸ்க்குடன் சேர்த்து வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
கீழ்வீட்டுக்காரர்கள்
முத்தம்மாள் காலனி, தூத்துக்குடி
13 டிசம்பர் 2024