வண்டி ஓடியது சரி, எத்தனை வாட்-அவரில் ஓடியது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் இல்லாமல் ஓடும் வண்டி, ஓடும்போதே தனக்குத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஸ்கூட்டர், சோலார் சைக்கிள் என்று மாணவர்களின் புராஜெக்ட் செய்திகளைப் படத்தோடு போடுகிறீர்கள். நல்ல விஷயம், தொடர்ந்து போடுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட்களுக்கு வழிகாட்டுகிறவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி ஓடியது என்பதோடு செய்தியை முடித்துவிடாமல், எவ்வளவு மின்சாரத்தில் (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் அது ஒரு வாட்-அவர்) எவ்வளவு தூரம் ஓடியது என்ற கணக்கையும் மாணவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

வண்டியின் முன்னால் விசிறி மாட்டி, எதிர்க்காற்றில் மின்சாரம் எடுத்து அதே பேட்டரியில் ஏற்றும் யோசனை எங்கோ ஓரிடத்தில் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கிறது. கால் மீட்டர் விட்டமுள்ள விசிறியை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஸ்கூட்டரில் வைத்தால், அதன் மேல் மோதும் காற்றில் இருக்கும் சக்தியே மொத்தம் 40 வாட் போலத்தான், அதில் கால்பங்கு கிடைத்தாலும் 10 வாட். அந்த வேகத்தில் மோட்டார் எடுப்பதோ சுமார் 1000 வாட். போகட்டும், அந்தப் பத்து வாட்டாவது இலவசமா என்றால் அதுவும் கிடையாது, விசிறி காற்றைத் தடுப்பதால் மோட்டார் அதைவிட அதிகமாகவே இழுக்க வேண்டியிருக்கும், கடைசியில் பேட்டரிக்கு நஷ்டம்தான். இதை ஒரு மாணவர் விசிறியோடும் விசிறி இல்லாமலும் ஓட்டி, வாட்-அவர் மீட்டரில் பார்த்து, எழுதிக் காட்டினால் அது அருமையான புராஜெக்ட். ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அவருக்குத் தோல்வி என்று மதிப்பெண் குறைகிறது, அளக்காமல் டெமோ காட்டியவருக்குக் கைதட்டலும் உங்கள் பத்திரிகையில் படமும் கிடைக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் இதில்தான்.

கணக்குப் போட்டால் எல்லாமே ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அதே ஸ்கூட்டருக்கு மேலே 100 வாட் சோலார் பேனல் வைத்து நல்ல வெயிலில் நாள் முழுக்க நிறுத்தினால், சூடேறிய பேனல் கொஞ்சம் குறைவாகவே தரும், சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் கொஞ்சம் போகும், அதெல்லாம் கழித்தும் 400 வாட்-அவர் அளவுக்குத் தேறும். கிலோமீட்டருக்கு 30 வாட்-அவர் என்று வைத்தால் 12, 13 கிலோமீட்டர் ஓட்டலாம். தினமும் அவ்வளவே ஓட்டுகிற ஒருவருக்கு இது போதும், நூறு கிலோமீட்டர் போகிறவருக்குப் போதாது. யாருக்கு உதவும் யாருக்கு உதவாது என்று அந்த எண்தான் சொல்கிறது, ‘சூரிய சக்தியில் இயங்கும் வண்டி’ என்ற தலைப்பு சொல்வதில்லை.

ஆஸ்திரேலியாவில் டார்வினில் இருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கிலோமீட்டர் நடக்கும் சோலார் கார் போட்டி 1987-இல் தொடங்கியது. 2017 போட்டியில் பேனல் பரப்பு 4 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி, அதாவது கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதை வைத்துக்கொண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மணிக்குச் சராசரியாக 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஜெயித்தார்கள். பேனல் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. காற்றுத் தடை, டயரின் உருளல் தடை, எடை என்று ஒவ்வொன்றையும் அளந்து குறைத்தார்கள். இன்னொன்றும் முக்கியம். அவர்கள் தங்கள் சோலார் கார்களுக்கு வைத்த பெயர் நூனா, அது அவர்களின் ஒன்பதாவது நூனா கார், முதல் நூனா ஓடியது 2001-இல். ஒவ்வொரு முறையும் ஆட்கள் புதிது, ஆனால் முந்தைய அணி அளந்து வைத்ததில் இருந்து வேலை தொடங்குகிறது.

நம் மாணவர்களின் புராஜெக்ட்களில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. வைவா முடிந்ததும் ரெக்கார்ட் பைண்ட் ஆகி அலமாரிக்குப் போகிறது, பேட்டரி பேக் கழற்றப்படுகிறது, அடுத்த ஆண்டு ஜூனியர் சக்கரத்திலேயே பொருத்தும் அதே ஹப் மோட்டாரையும் அதை இயக்கும் அதே கன்ட்ரோலரையும் வாங்கி முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். பேட்டரி ஆய்வில் இந்தப் பழக்கம் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. மின் வண்டியில் இருந்து கழித்த செல்களில் பெரும்பாலும் 70, 80 சதவீதக் கொள்ளளவு மிச்சமிருக்கும், வீட்டு சோலாருக்கு அவற்றை மறுபடி பயன்படுத்தலாமா என்பது மாணவர்கள் எடுக்க வேண்டிய முதல் தரமான கேள்வி. அதற்கு செல்லைத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கி, கொள்ளளவும் உள்மின்தடையும் எப்படி மாறுகிறது, எவ்வளவு சூடாகிறது என்று குறித்து வர வேண்டும். நாளைக்கு இரண்டு சுழற்சி வீதம் 1000 சுழற்சிக்கே 500 நாள் ஆகும். ஒரு செமஸ்டரில் எப்படி முடியும்? ஒரு பேட்ச் தொடங்கி, அடுத்த பேட்ச் தொடர்ந்து, மூன்றாவது பேட்ச் முடிவு எழுதலாம், அப்படி எழுதினால் மூன்று பேட்சுக்கும் அதில் பேர் இருக்கட்டுமே.

அப்புறம், சுற்றுச்சூழலைக் கெடுக்காத போக்குவரத்து என்றாலே மின் வண்டி என்று ஆகிவிட்டது. ஒன்றரை டன் காரில் ஒரே ஒருவர் போனால் அது மின்சாரத்தில் ஓடினாலும் பெரும்பாலும் நகர்வது கார்தான். எந்த நேரத்துப் பேருந்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், ஏன் சிலர் அலுத்துப்போய் சொந்த வண்டி வாங்குகிறார்கள் என்று எண்ணி எழுதுவதும் ஆய்வுதான், இதற்கு வெல்டிங் கூடத் தேவையில்லை, பொருளாதாரமோ புவியியலோ படிக்கும் மாணவர்களும் செய்யலாம். இப்படி ஒரு புராஜெக்ட் பற்றி உங்கள் பக்கங்களில் நான் படித்ததாக நினைவில்லை.

கல்லூரிகள் மதிப்பெண் முறையை மாற்ற நாளாகும், நீங்கள் நாளைக்கே மாற்றலாம். நிருபர் மாணவர்களைப் பார்க்கப் போகும்போது பேட்டரி எத்தனை வாட்-அவர், வண்டி எவ்வளவு எடை, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று கேட்கட்டும், அந்தத் தூரத்தை ஓட்டிப் பார்த்தார்களா, தாளில் கணக்கிட்டார்களா என்பதையும் விடாமல் கேட்கட்டும். அளந்து பார்த்து, யோசனை பலிக்கவில்லை என்று ஒரு குழு சொன்னால் அவர்களுக்கும் அதே அளவு படத்தோடு இடம் கொடுங்கள். ஓராண்டு கழித்து அந்தக் கல்லூரிக்கே ஒரு போன் போட்டு, போன வருஷத்து வண்டியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாணவர் புராஜெக்ட்களுக்கு வழிகாட்டும் ஒருவர்