தோற்றவரை ஏன் ஜெயிக்க வைக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நியூயார்க் பயணக் கட்டுரையில், டிரினிட்டி எபிஸ்கோபல் தேவாலய வளாகத்தில் "'கப்பலை விட்டுக்கொடுக்காதே' என்று முழங்கி எதிரியை வீழ்த்திய கேப்டன் லாரன்ஸ் உறங்குகிறார்" என்று ஒரு வரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

வீழ்த்தியது யார், வீழ்ந்தது யார் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. 1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் 'ஷானன்' கப்பலோடு மோதிய லாரன்ஸின் அமெரிக்கப் போர்க்கப்பல் 'செசபீக்' கால் மணி நேரத்தில் பிடிபட்டது. குண்டடிபட்ட லாரன்ஸைக் கீழே தூக்கிப் போகும்போது அவர் சொன்ன பேச்சுதான் அந்த 'விட்டுக்கொடுக்காதே'. மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார், வயது 31. எதிரிகளே ஹாலிஃபாக்ஸில் மரியாதையோடு புதைத்தார்கள். பிறகு உடல் போனது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (நம்ம சேலம் இல்லை, அதையும் குழப்பிவிடாதீர்கள்), அதற்கப்புறம்தான் நியூயார்க். செசபீக் கப்பலைப் பிரித்த மரம் இங்கிலாந்தில் விக்காம் என்ற ஊரில் மாவு ஆலைக்கு உத்தரமாயிற்று.

அந்த வாசகத்தைக் கொடியில் தைத்து ஈரி ஏரியில் ஜெயித்தவர் பெர்ரி என்ற இன்னொரு அமெரிக்கக் கடற்படைத் தளபதி. அவரும் 'லாரன்ஸ்' என்றே பெயர் கொண்ட தன் கப்பலை விட்டிறங்கி, படகில் வேறு கப்பலுக்குப் போய்த்தான் ஜெயித்தார்! இதையெல்லாம் எழுதக் கட்டுரையாளருக்கு நேரம் ஏது? அதே வளாகத்தில் இருக்கும், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் சமாதி முன்னால் செல்ஃபி எடுக்கவே சரியாக இருந்திருக்கும். லாரன்ஸ் கல்லறை என்று நீங்கள் போட்ட படமும் ஹாமில்டனுடையதுதான்.

நான் 26 வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். நியூவார்க்கில் சரக்கு இறங்கிய ஒரு ஜனவரியில் ஷோர் பாஸ் (கரையிறங்க அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு அங்கே போனேன். பிராட்வே ஓரமாகவே இருக்கிறது. கையுறையைக் கழற்றி எழுத்தைத் தடவித் தடவிப் படித்தேன். கூடவே லட்லோ என்ற லெப்டினன்ட் பெயரும் உண்டு, வயது 21. கப்பலில் பயிற்சிக்கு வரும் எங்கள் டெக் கேடட் பையன்கள் வயது. உங்கள் கட்டுரையில் அவனுக்கு அரை வரி கிடையாது.

செப்டம்பர் வந்தால், 1914-இல் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன் கதையைப் போட்டு, விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளையையும் அதில் ஏற்றிவிடுவீர்கள். ஆதாரம் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்கள் எந்தக் கடலில் மூழ்கினவோ! அதுகூடப் போகட்டும். ஒரு முதலாளி சம்பளமும் டீசலும் தராமல் எங்களை வளைகுடாவில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நான்கு மாதம் போட்டுவிட்டு ஓடினார். அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் வைத்திருந்தோம். கப்பலை விட்டு நாங்கள் இறங்கவில்லை, இறங்கினால் சம்பளப் பாக்கி போய்விடுமே! அதை நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வாழைப்பூ வடைக்குக் கீழே மூன்று வரி போட்டீர்கள். நன்றி.

இப்போது கேட்பது இரண்டே வரித் திருத்தம்: லாரன்ஸ் தோற்றார், படம் ஹாமில்டன் சமாதி. இடமில்லை என்றால் சமையல் குறிப்பில் உப்பு அளவை எடுத்துவிடுங்கள். வீட்டில் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
தூத்துக்குடி.