தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போன வக்கீல் ஐயாவுக்கு

அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய பணிப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் 'ள்' இல்லாமல் இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஓர் எழுத்துக்காகப் பதினான்கு மாத அலைச்சல்!

நீதிமன்ற வேப்பமரத்தடியில் நின்ற எங்களிடம் நீங்களாகவே வந்து, "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டீர்கள். நீங்களும் படையில் இருந்துவிட்டு, பிறகு சட்டம் படித்து, முப்பது ஆண்டுகளாக வழக்காடுபவர் என்பதைக் குமாஸ்தா சொல்லித்தான் அறிந்தோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்றீர்கள். மனுவை நீங்களே எழுதினீர்கள். அந்த 'ள்'ளை மூன்று முறை சரிபார்த்தீர்கள். சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கவில்லை. கட்டணம் ஒரு தேநீர், அதுவும் பாதி.

ஐயா, பெயர் கேட்க மறந்துவிட்டேன். பணம் வந்துவிட்டது. அம்மா உங்களுக்காக முறுக்கு சுட்டு வைத்திருக்கிறார்.