கடற்கரை கேட்பாரற்ற நிலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு எழுதுவோருக்காகத் தாங்கள் வெளியிட்டுவரும் பொருளாதாரத் தொடரில், சென்ற வாரம், தனி உரிமையாளர் இல்லாத நிலம் பாழாகியே தீரும் என்று எழுதி, அதற்குச் சான்றாகக் கடலூர்க் கடற்கரையைக் காட்டியிருந்தீர்கள். அந்தக் கரையில் பிறந்து, அதே பொருளாதாரத்தைக் கல்லூரியில் பாடமாகவும் படித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர், பொது நிலம் பாழாகும் என்று வாதிட்ட காரெட் ஹார்டினின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையோடு படிப்பை நிறுத்திக்கொண்டார் போலும். யாரும் யாரையும் கேட்காமல் மாடு ஓட்டிவிடும் மேய்ச்சல் நிலம் ஹார்டின் கற்பனை செய்துகொண்டது. எங்கள் ஊரிலோ, கரைவலையை யார் எப்போது இழுப்பது என்பதைப் பஞ்சாயத்தார் முறைவைத்துச் சொல்வார்கள். மீறியவர் அபராதம் கட்டுவார். துருக்கியின் அலன்யா மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்து மீன் பிடித்ததை அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார். கேட்பாரற்ற இடம் வேறு, ஊர்ப்பொது இடம் வேறு என்று நிறுவிய அவருக்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. தாங்கள் அறியாததல்ல.

நிலத்தின் அழியாத ஆற்றலுக்குக் கொடுக்கப்படுவதே வாரம், அதாவது குத்தகை, என்று பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ 1817-இல் எழுதியதை நானும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த 'அழியாத' என்ற சொல்லை எங்கள் தெருவில் வந்து விளக்க யாரும் முன்வரவில்லை. அலைக்குப் பயந்து உள்ளே தள்ளிப் போங்கள் என்று புது வீடு தந்து, பழைய மனையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்று எங்கள் பழைய மனைகளை விடக் கடலுக்கு நெருக்கமாக ஒரு விடுதி நிற்கிறது. விருந்தினர் யார், மீனவர் யார் என்று அலைக்கு அடையாளம் தெரியும் போலிருக்கிறது.

அந்த விடுதி வேலி போட்ட மணலில்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நெத்திலி காயவைத்தார்கள். பட்டா இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. இப்போது வேறொருவர் களத்துக்கு வாடகை கொடுத்துக் கருவாடு போடுகிறார்கள். காசில்லாமல் காயவைத்தபோது அந்த மணலின் பயனை எந்தக் கணக்கும் எழுதிக்கொள்ளவில்லை. அதை இழந்து அவர்கள் கொடுக்கும் வாடகையோ ஒருவருடைய வருமானமாகிவிட்டது. எங்கள் நட்டத்தை வரவில் வைக்கும் இந்தக் கணக்கைத்தான் தங்கள் தொடர் 'நிலத்தின் திறமையான பயன்பாடு' என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது.

தங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த வாரத் தொடரில் ஆஸ்ட்ரம் பற்றி ஒரு பத்தி, இடமில்லையென்றால் நான்கு வரியாவது, சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் வாசகர் ஒருவர்