ஜேன் ஆஸ்டினின் சலவைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களைப் படமாக்குகிறவர்களைச் சாடி, சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதைக்குள் நடைபிணங்களை நுழைத்து 2009-இல் புத்தகம் போட்டதும் போதாமல், 2016-இல் படமாகவும் எடுத்துவிட்டார்களே என்று கட்டுரையாளர் நொந்துபோயிருக்கிறார். அந்தப் படத்தை நானும் பாதியில் நிறுத்தியவள்தான். அலுப்புத் தட்டியது, நிறுத்தினேன். கேலி செய்ததே பாவம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆஸ்டின் அம்மாவே கேலியில்தான் கை பழகினார். அவருடைய ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் கேதரின் என்ற பெண், ஆன் ராட்கிளிஃப் எழுதிய மர்ம மாளிகைக் கதைகளைப் படித்துப் படித்துப் பித்தாகிக் கிடக்கிறாள். விருந்தாளியாகப் போன வீட்டில், புயலடிக்கும் இரவில், கறுப்பு அலமாரி ஒன்றைத் திறக்கிறாள். உள்ளே காகிதச் சுருள். சரியாக அந்த நேரம் பார்த்து மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. போர்வைக்குள் நடுங்கிக் கிடந்துவிட்டு, விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் சட்டை இத்தனை, காலுறை இத்தனை என்று சலவைக் கணக்கு! கூடவே குதிரைக்கு மருந்துப் பற்றுப் போட்ட செலவுச் சீட்டு.

1803-இல் இந்த நாவலை 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அச்சிடாமலே கிடப்பில் போட்டார். 1816-இல் ஆஸ்டின் தரப்பு அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கவேண்டியிருந்தது. 1817 ஜூலையில் ஆஸ்டின் இறந்து, அந்த வருஷக் கடைசியில்தான் புத்தகம் வந்தது.

நான் இலக்கியம் கற்பித்தவள் அல்ல. கும்பகோணத்துப் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் 31 வருஷம் பத்திரம் எழுதியவள். பி.ஏ.வில் பாடமாக வந்தபோது ஆஸ்டின் காதல் கதையாகத்தான் தெரிந்தார். பத்திரம் எழுத உட்கார்ந்த பிறகு எடுத்துப் படித்தால், பக்கத்துக்குப் பக்கம் சொத்து விவகாரம்.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்கிறேன். சாகும் தறுவாயில் தகப்பன் மூத்த தாரத்து மகனைக் கூப்பிட்டு, சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். மகன் தங்கைக்கு ஆயிரமாக 3,000 பவுண்டு கொடுக்க நினைக்கிறான். பெண்டாட்டி வாயைத் திறக்கிறாள். தலைக்கு 500 ஆகிறது. அதுவும் வேண்டாம், சிற்றன்னை உள்ளவரை வருஷம் 100 தரலாம் என்கிறான். வருஷாந்தரப் பணம் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள், அவள் வேறு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள் என்கிறாள். சரி, எப்போதாவது 50. கடைசியில் வீடு மாறும்போது கொஞ்சம் ஒத்தாசை, பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும். அதோடு விட்டாளா? அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் சாமான் நம் வீட்டில் இருப்பதைவிட அழகு என்று பொருமலும் உண்டு.

இதை நான் கண்ணால் கண்டேன். இரண்டு தங்கைகள் சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வந்திருந்தார்கள். நான் வரைவு எழுதத் தொடங்கியபோது பேச்சு ஆளுக்கு 2 லட்சம். டீ வந்தபோது 50,000. கைரேகை வைக்கும் நேரத்துக்குப் பொங்கலுக்குப் புடவை. “தோப்பில் மாங்காய் இறங்கினா உங்களுக்கு அனுப்பாமயா இருந்துடுவோம்?” என்றாள் அண்ணி. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆஸ்டின் செய்வது அதுதான்.

எம்மா தாம்சன் திரைக்கதையில் ஆங் லீ எடுத்த 1995 படம் இந்தப் பேரத்தை விடவில்லை. வண்டிப் பயணத்தில் காட்சிக்குக் காட்சி தொகை தேய்கிறது. நம் ராஜீவ் மேனன் 2000-இல் அதே நாவலைச் செட்டிநாட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எடுத்தபோது, உயிலால் வீட்டை இழந்து தாயும் பெண்களும் சென்னைக்குப் போவதை நம்ப யாரும் சிரமப்படவில்லை. தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்ததே 1989-இல்தானே. பாட்டு நிறைய, மம்மூட்டியின் பாலா கொஞ்சம் அதிக நல்லவர். இருக்கட்டும், வீடு போகிற வலி படத்தில் இருக்கிறது.

என் வருத்தம் வேறு. அழகழகான மாளிகை, புல்வெளி, பெருமூச்சு என்று எடுத்துவிட்டு, சிரிப்பையும் கணக்கையும் வெட்டிவிடுகிறார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை வைத்து பிபிசி எடுத்த 1995 தொடரை மட்டும் ‘மூலத்துக்கு உண்மையானது’ என்று பாராட்டி, நாயகன் டார்சியாக நடித்த காலின் ஃபர்த் குளத்தில் குளித்துவிட்டு ஈரச் சட்டையோடு வரும் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். நல்ல தொடர்தான், ஆறு பகுதியையும் இரண்டு முறை பார்த்தேன். 2013-இல் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் அந்தக் கோலத்தில் 12 அடிக்குச் சிலையே வைத்தார்கள். ஆனால் அந்தக் குளியல் நாவலில் கிடையாது. அங்கே டார்சி குதிரை லாயப் பக்கமிருந்து நடந்து வருகிறார். சட்டை காய்ந்துதான் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் பத்திர எழுத்தர், கும்பகோணம்