கள்ளனைத் தேடிப்போன இரவு

யாழ்ப்பாணம்

அன்பின் சிவத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழை ஓய்ந்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. மற்றச் செய்தி கசப்பானது. என் பெறாமகன் வைத்திருந்த ஈதர் என்ற இணையக் காசு களவு போய்விட்டது. ஏதோ போலித் தளத்தில், அந்தக் கணக்கைத் திறக்கும் பன்னிரண்டு இரகசியச் சொற்களையும் தட்டிக் கொடுத்திருக்கிறான். அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக் கள்ளனைப் பின்தொடர்ந்தோம். பிளாக்செயின் என்ற அந்தக் காசின் பொதுக் கணக்கேட்டில் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் எவர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன, பெயர்தான் இல்லை. கள்ளனின் முகவரிக்கு, அதாவது கணக்கெண்ணுக்கு, வேறு பலருடைய பணமும் வந்திருந்தது. அவர்களில் ஒருவருடைய கணக்கைப் பெறாமகன் திறந்தான். மாதத் தொடக்கத்தில் ஒரே அளவு வரவு. இரண்டு நாளில் அதில் பாதி வேறொரு முகவரிக்கு. யாரோ சம்பளம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். ஒரு மாதம் மட்டும் முழுவதும் போயிருந்தது. என்ன அவசரமோ! எனக்குக் கூச்சமாகிவிட்டது. "மூடடா" என்றேன்.

சண்டைக் காலத்தில் நீ உண்டியலில் அனுப்பிய காசு நினைவுக்கு வந்தது. சைக்கிளில் வருகிறவர் உன் அம்மாவின் கையில் எண்ணிக் கொடுப்பார். பக்கத்து வளவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் காசு வீட்டில் தங்கியிருக்குமா?

களவுப் பணம் கடைசியில் டொர்னாடோ கேஷ் என்ற, காசைக் கலந்துவிடும் மென்பொருளுக்குள் போய்விட்டது. பலரும் 1 ஈதர், 10 ஈதர் என்று ஒரே அளவில் போட்டு வேறு முகவரியில் எடுப்பதால், எது எவருடையதென்று பிரிப்பது பெரும்பாடு. அமெரிக்கத் திறைசேரி 2022 ஆகஸ்டில் அதைத் தடைசெய்து, 2025 மார்ச்சில் தடையை நீக்கியது. அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவருக்கு நெதர்லாந்தில் 2024இல் 64 மாதச் சிறை விதித்தார்கள். ஈதர் ஓடும் ஈதீரியம் என்ற வலையமைப்பைத் தொடங்கிய விட்டாலிக் புடெரினோ, உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தானும் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். பெறாமகன் கொதிக்கிறான். அந்தச் சம்பளக்காரரைப் பார்த்த பிறகு எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

புடெரினும் வேறு சிலரும் 2023இல் ஒரு வழி எழுதினார்கள்: எது என் பணம் என்று காட்டாமலே, அது களவுப் பட்டியலில் இல்லையென்று கணிதத்தால் நிறுவலாமாம். பட்டியலை எழுதுவது யார் என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. பட்டியலில் பெயர் விழுவது என்னவென்று நமக்குத் தெரியாததா?

ஆனாலும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். 66 எழுத்துள்ள பரிமாற்ற எண்ணைப் பெறாமகன் வாசிக்க வாசிக்க, அவர்கள் கையால் எழுதினார்கள். இரண்டு தடவை பிழைத்தது. பிட்ஃபினெக்ஸ் என்ற இணையக் காசுச் சந்தையில் 2016இல் களவு போன பிட்காயினில் ஏறத்தாழ 94,000ஐ 2022இல் மீட்டதைச் சொல்லி அவனைத் தேற்றி வைத்திருக்கிறேன்.

நல்லூர்த் தேருக்கு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. மேல் அறையை ஒழுங்குபடுத்த வேண்டும்.

அன்புடன்,
குணம்