தென்னைநார் வலையை எங்கள் சரிவில் சோதியுங்கள்

மண்பொறியியல் ஆய்வு நடத்தும் கேரள, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், ஆலப்புழை, பொள்ளாச்சி வட்டாரத் தென்னைநார் ஆலை உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். மூணாறு உள்ள தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் எழுதுகிறேன். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோன பிறகு, மழை வலுத்தால் எங்கள் லயங்களில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அத்தகைய பெருஞ்சரிவை எந்த நார் வலையும் தடுத்திருக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூவஸ்திரம் என்று இப்பக்கம் வழங்கும் அந்த வலை மேல்மண் அரிப்பைத் தடுப்பது. சாலைக்காக வெட்டிய கரையும், லயத்தின் பின்மேடும், ஓடைக்கரையுமே அதற்குரிய இடங்கள்.

எங்கள் பின்மேட்டில் சில ஆண்டுகளுக்கு முன் அதை விரித்தார்கள். மேல்விளிம்பைப் பள்ளம் வெட்டிப் புதைக்கவில்லை, வலையைத் தரையோடு இறுக்க அடிக்கும் முளைக்குச்சிகளும் போதவில்லை. ஆடி மழைநீர் வலைக்கு அடியில் புகுந்து மண்ணை அள்ளிக்கொண்டு போக, வலை மட்டும் கொடியில் காயப்போட்ட துணியாகத் தொங்கியது. "நார் இந்த மலைக்கு ஆகாது" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவு தவறு என்று நிரூபிக்க எங்களிடம் எந்த ஆய்வும் இல்லை.

தென்னைநாரில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதால் அது சணலைவிட மெதுவாக மட்குகிறது. அது மட்கி முடிவதற்குள் புல்லும் வெட்டிவேரும் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த முறையின் முழுக் கணக்கு. மூணாற்றின் குளிரிலும் ஓயாத ஈரத்திலும் வலையின் வலு எத்தனை பருவமழை தாங்கும் என்பதை, ஆய்வகத்தில் உலர்ந்த துண்டை இழுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மண்ணை வலுப்படுத்தப் புதைக்கும் பிளாஸ்டிக் வலையான பாலிமர் ஜியோகிரிட் தொடர்ந்த சுமையில் எவ்வளவு நீளுகிறது என்று அறிய 10,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 14 மாதம், சோதிக்கும் முறை உண்டு. மண்ணோடு மண்ணாக மட்கப்போகும் நாருக்கு அதைவிட நீண்ட பொறுமை வேண்டும். ஆனால் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுக்காலம் ஒரு பருவமழையைக்கூட முழுதாகக் காண்பதில்லை.

ஆகவே பல்கலைக்கழகமும் ஆலையும் மூன்று பருவமழைக் காலத்துக்காவது சேர்ந்து ஒப்பந்தம் செய்யுங்கள். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எடையுள்ள வலைகளை ஆலை தரட்டும். ஒரே சரிவில் அருகருகே அவற்றை விரித்து, வலையில்லாத ஒரு பகுதியையும் ஒப்பீட்டுக்காக விட்டு, அரித்து வரும் மண்ணைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மழைக்கும் எடை போடட்டும். இன்று எந்தச் சரிவுக்கு எந்த எடை என்பதைப் பெரும்பாலும் விலைப்பட்டியலே தீர்மானிப்பதாக எனக்குப் படுகிறது.

முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடுவோம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். விற்பனை பாதிக்குமே என்ற ஆலையின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோற்ற வலையைப் பற்றி ஊரில் பரவும் பேச்சு அதைவிடப் பெரிய நட்டம். அந்த அறிக்கை மலையாளத்திலும் தமிழிலும் வரட்டும், ஏனெனில் முளை அடிக்கப்போகிறவர்கள் எங்கள் தொழிலுறுதித் திட்டத்தில் (ஊரக வேலைத் திட்டத்தில்) வேலை செய்யும் பெண்கள்.

இடம் காட்டவும், மழைமானியைத் தினமும் பார்த்துக் குறித்துவைக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். மாசி, பங்குனியில் வந்தால் மேடுகள் காய்ந்திருக்கும். இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, முன் வலை விரித்து முடித்துவிடலாம்.